பெட்டி தண்ணீர் குடிக்கும்: குமரியின் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும் அச்சுப்பெட்டி செய்வது எப்படி?

குலசேகரத்துக்கு அருகே மாமாவின் ரப்பர் விளையில் ஒரு மழைமானி வைத்திருந்தேன். ஈஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்று, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் மின்கலம் ஒன்று, இரண்டையும் சுற்றி நானே முப்பரிமாண அச்சில் எடுத்த கறுப்புப் பெட்டி. மூடியின் விளிம்பு முழுவதும் சிலிக்கோன் பசை, கம்பி நுழையும் துளையிலும் பசை. "காற்றுகூட நுழையாது" என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். ஆனிச் சாரல் ஒரு வாரம் அடித்து ஓய்ந்தபின் போய்த் திறந்தால் உள்ளே மூன்று கரண்டித் தண்ணீர் நிற்கிறது. பலகையின் ஓரத்தில் செம்புத் தடங்கள் பாசி பிடித்ததுபோல் பச்சையாகியிருந்தன. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "மருமகனே, இதில் இரண்டு மீன் விடலாம் போலிருக்கிறதே" என்றார்.

அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. கண்டுபிடித்ததை முறையாகக் கீழே எழுதியிருக்கிறேன். 12 வோல்ட்டுக்குள் இயங்கும் உணரி, கேமரா, லோரா (தொலைதூர வானலைத் தொடர்பு) கருவி போன்றவற்றுக்கு இது பொருந்தும். 230 வோல்ட் மின்சாரத்தை வீட்டில் அச்சிட்ட பெட்டிக்குள் வைத்து மழையில் நிறுத்தக் கூடாது. அதற்குச் சான்றிதழ் பெற்ற பெட்டியைக் கடையில் வாங்கிவிடுங்கள்.

பெட்டி எப்படிக் குடிக்கிறது

மேலிருந்து கொட்டும் மழையைத் தடுப்பது எளிது. ஒரு கூரை போதும். சிக்கல் பெட்டிக்குள் இருக்கும் காற்றில்தான் தொடங்குகிறது.

வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டிக்குள் பிற்பகலில் 50 டிகிரி செல்சியஸ் எளிதாக வந்துவிடும். சூடான காற்று விரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் வழியே மெல்ல வெளியேறும். அப்போது மேற்கே கறுத்து மழை கொட்டினால் பெட்டி சில நிமிடங்களில் 25 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளே மிஞ்சிய காற்று சுருங்கி, அழுத்தம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்சித் தூக்கக்கூடிய இழுவை அது. பெட்டியின் மேல் அந்த நேரத்தில் வழிந்துகொண்டிருப்பதோ தண்ணீர். இளநீரில் குழாய் போட்டு உறிஞ்சுவதைப் போல் பெட்டி அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எல்லாத் துளைகளையும் அடைத்து ஒன்றை மட்டும் தவறவிட்டால் முழு இழுவையும் அந்த ஒன்றின் மீது விழும். என் பெட்டியில் நடந்தது அதுதான்.

மூடும்போது உள்ளே சிக்கிய ஈரக்காற்றின் மீது பலர் பழி போடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அது சின்னக் குற்றவாளி. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு லிட்டர் காற்றில் சுமார் 24 மில்லிகிராம் நீர்தான் இருக்கிறது; அரைத்துளி. அது பனித்து மூடியில் படிந்தாலும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் விழுங்கிவிடும். கரண்டிக் கணக்கில் தண்ணீர் கண்டால் அது நீராவியாக வந்ததல்ல, நீராகவே வந்தது என்று எடுத்துக்கொண்டு ஓட்டையைத் தேடுங்கள்.

இழை: எது, எப்படி உலர்த்துவது

அச்சுக்கு ஊட்டும் பிளாஸ்டிக் இழைகளில் பிஎல்ஏ வகை வேண்டாம். அது 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். மூடி வளைந்தால் எவ்வளவு நல்ல கேஸ்கட்டும் (மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே அழுந்திக் கசிவைத் தடுக்கும் வளையம்) வீண். பிஇடிஜி ஏறத்தாழ 80 டிகிரி வரை தாங்கும், அச்சிடவும் எளிது, அடுக்குகள் ஒன்றோடொன்று நன்றாகப் பிடிக்கும். நிழலில் மாட்டும் பெட்டிக்கு அதுவே போதும். நாள் முழுவதும் வெயில் படும் மொட்டை மாடிக்கு ஏஎஸ்ஏ. சுமார் 100 டிகிரி வரை தாங்குவதோடு புற ஊதாக் கதிருக்கும் அசையாது. ஏபிஎஸ் வெப்பம் தாங்கினாலும் வெயிலில் மஞ்சளித்து நொறுங்கும். நிறம் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும். பெட்டி எவ்வளவு குறைவாகச் சூடாகிறதோ அவ்வளவு குறைவாகக் குடிக்கும்.

நம் மாவட்டத்தில் இதைவிட முக்கியமானது இழையை உலர்த்துவது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் இது. ஈரமில்லாத மாதங்களை விரல்விட்டு எண்ணலாம். உறை பிரித்து ஒரு வாரம் வெளியில் கிடந்த பிஇடிஜி சுருளை அச்சில் ஏற்றினால், கடுகு தாளிப்பதுபோல் நாசிலில் (இழை உருகி வெளிவரும் முனையில்) படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழி விடும் ஓசை அது. ஒவ்வொரு குமிழியும் சுவரில் ஒரு துளை. பிஇடிஜியை 65 டிகிரியில் நான்கு முதல் ஆறு மணி நேரமும், ஏஎஸ்ஏயை 80 டிகிரியில் அதே நேரமும் உலர்த்தி, உலர்த்திப் பெட்டியிலிருந்தே நேராக அச்சுக்கு ஊட்டுங்கள். வீட்டுச் சமையல் அடுப்பில் முயன்று நான் ஒரு சுருளை முறுக்காக்கியிருக்கிறேன். வெப்பக் கட்டுப்பாடு சரியில்லாத அடுப்பை நம்பாதீர்கள்.

சுவரை நீர் புகாமல் அச்சிடுதல்

அச்சுப்பெட்டியின் சுவர் ஓலைப்பாயைப் போன்றது. இழைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. 0.4 மி.மீ. நாசில் என்றால் குறைந்தது ஐந்து சுற்றுச் சுவர்கள் வையுங்கள், தடிமன் 2 மி.மீ. வரும். அடியும் மேலும் ஆறு அடுக்குகளுக்குக் குறையக் கூடாது. வழக்கமான வெப்பத்தைவிட 5 முதல் 10 டிகிரி கூட்டி, விசிறியைக் குறைத்து, வேகத்தையும் குறைத்தால் அடுக்குகள் உருகி ஒட்டும். பிளாஸ்டிக் பாயும் அளவை 102 அல்லது 103 விழுக்காடாக்கினால் நுண்ணிடைவெளிகள் நிரம்பும். அதற்கு மேல் போனால் அளவுகள் பிசகி மூடி உட்காராது. சுவருக்குள் கூடுபோன்ற உள்நிரப்பு வேண்டாம். ஓர் ஓட்டை வழியே நுழையும் நீர் அந்தக் கூட்டுக்குள் ஓடி எங்கோ ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும். பிறகு ஓட்டையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஒவ்வோர் அடுக்கும் தொடங்கி முடியும் இடத்தில் ஒரு தழும்பு விழும். அதைச் சிதறவிடாமல் ஒரே மூலையில் வரிசையாக நிறுத்தி, அந்த மூலையை மழை அடிக்காத பக்கம் திருப்பிவிடலாம்.

எப்படி அச்சிட்டாலும் வெளிப்பக்கம் ஒரு பூச்சு கொடுத்துவிடுவது என் பழக்கம். மெல்லிய எப்பாக்சியைத் தூரிகையால் தடவி, காய்ந்தபின் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடிப்பேன், ஏனெனில் வெறும் எப்பாக்சி வெயிலில் மஞ்சளிக்கும். ஏஎஸ்ஏ பெட்டி என்றால் அசிட்டோனைத் தூரிகையால் இழுத்தாலே மேற்பரப்பு உருகி மூடிக்கொள்ளும். தீயும் புகையும் இல்லாத திறந்த வெளியில் செய்யுங்கள். பிஇடிஜிக்கு இந்த வித்தை பலிக்காது.

மூடியும் கேஸ்கட்டும்

மூடியைப் பசை வைத்து ஒட்டாதீர்கள். ஒருமுறை பிரித்தால் மறுமுறை அதே ஒட்டு வராது. வெளியில் நிற்கும் கருவியோ கட்டாயம் பிரிக்கப்படும்.

2 மி.மீ. தடிமனுள்ள உருண்டைச் சிலிக்கோன் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் விளிம்பில் 1.5 மி.மீ. ஆழமும் 2.6 மி.மீ. அகலமும் உள்ள பள்ளம் வரைந்து அதில் கயிற்றைப் பதித்தால், மூடி அழுத்தும்போது கயிறு கால்பங்கு நசுங்கும். அந்த அளவுதான் வேண்டும். குறைந்தால் கசியும், கூடினால் மூடி வில்லாக வளைந்து நடுவில் வாய் பிளக்கும். கயிற்றின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டிச் சிலிக்கோனால் ஒட்டி, அந்த ஒட்டு பெட்டியின் அடிப்பக்கம் வரும்படி வையுங்கள்.

ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது: இயற்கை ரப்பர் கேஸ்கட் வெளியில் ஆகாது. வெயிலும் ஓசோனும் பட்டு வெடித்துவிடும். மாமா ஆசையாக வெட்டிக் கொடுத்த ஷீட் துண்டு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. சிலிக்கோன், அல்லது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்.

திருகுகள் கேஸ்கட் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். திருகுத் துளை உள்ளே இருந்தால் மரை வழியாகவே நீர் இறங்கிவிடும். பிளாஸ்டிக்கில் நேரே திருகாமல், சூட்டுக்கோலால் பதிக்கும் பித்தளை மரைகளைப் போடுங்கள். 5 செ.மீ. இடைவெளிக்கு ஒரு திருகு என்று வைத்து, கார்ச் சக்கர நட்டை முடுக்குவதுபோல் எதிரெதிராக முடுக்குங்கள். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோரங்களில் 304 வகை எஃகு தேநீர்க் கறைபோல் துருச் சாயம் விடும். 316 வகை கேட்டு வாங்குவது நல்லது.

காந்தம் வைத்த மூடி பார்க்க அழகு. ஆனால் மணவாளக்குறிச்சிப் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்குள்ள கரிய மணலில் இல்மனைட் இருக்கிறது. வலுவான காந்தம் அந்தத் துகள்களை இழுத்து மூடிக்கும் கேஸ்கட்டுக்கும் நடுவே மணல் கரை கட்டிவிடும்.

கம்பி: என் திருடன் வந்த வழி

மூன்று கரண்டித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்கிறேன். மூடியில் கசிவில்லை, சுவரில் கசிவில்லை, கம்பித் துளையிலும் பசை இறுக்கமாகவே இருந்தது. கடைசியில் வேறு வழி தெரியாமல் கம்பியையே பிளேடால் நீளவாக்கில் கீறினேன். மேலுறைக்குள் செம்பு இழைகள் பச்சையாக இருந்தன. மழைமானியின் பக்கம் இருந்த இணைப்பிலிருந்து பெட்டிக்குள் இருந்த முனை வரை, ஒன்றரை அடி தூரமும் பச்சை. அந்தப் பக்கத்து இணைப்பைச் சாதாரண இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருந்தேன். வெயிலில் அதன் பசை இளகி டேப் பிரிந்துவிட்டது. பல இழைகள் முறுக்கிய கம்பி விளக்குத் திரியைப் போன்றது. ஒரு முனை நனைந்து, மறுமுனையில் பெட்டி உறிஞ்சினால், உறைக்குள்ளேயே தண்ணீர் பயணம் செய்யும். வெளியில் எத்தனை பசை பூசினாலும் அது தடுக்காது.

இதற்கு மூன்று காவல் வேண்டும். முதலாவது, வெளிமுனையில் உள்ள ஒவ்வோர் இணைப்புக்கும் உட்புறம் பசை தடவிய வெப்பச் சுருக்கக் குழாய். சூடேற்றும்போது இரு ஓரத்திலும் பசை ஒரு சிறு வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். வரவில்லையென்றால் குழாயின் அளவு பெரிது. இரண்டாவது, பெட்டிக்குள் நுழைந்த உடனே திரியை அறுப்பது. ஒவ்வோர் உட்கம்பியிலும் ஒரு செ.மீ. அளவு உறையை உரித்து, இழைகளுக்கு நடுவே ஊறும்வரை பற்றவைக்கும் ஈயம் பாய்ச்சி, மேலே எப்பாக்சி தடவி, பசைக்குழாய் போட்டு மூடுங்கள். ஈயம் நிரம்பிய இடத்தைத் தண்ணீர் கடக்காது. மூன்றாவது, கம்பி எப்போதும் பெட்டியின் அடியிலிருந்தே நுழைய வேண்டும்; நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

துளைக்கு கேபிள் கிளாண்ட், அதாவது கம்பியைச் சுற்றி ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் திருகுப் பூட்டு, போடுங்கள். பிஜி7 அளவு 3 முதல் 6.5 மி.மீ. வரை உள்ள உருண்டைக் கம்பியைப் பிடிக்கும், அதற்கு 12.5 மி.மீ. துளை. கிளாண்டின் ரப்பர் உருண்டைக் கம்பிக்காகச் செய்யப்பட்டது. தட்டைக் கம்பியையோ தனித்தனி இழைகள் இரண்டையோ அதில் செருகினால் பக்கத்தில் இடைவெளி நிற்கும். கிளாண்ட் அமரும் சுவர் 3 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும், உட்பக்க நட்டுக்கு முன் ஒரு ரப்பர் வாஷரும் வேண்டும். ஆன்டெனா இணைப்பு வெளியே இருந்தால் தனக்குத்தானே ஒட்டி ஒரே கட்டியாகும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

சிலிக்கோன் பசை வாங்குவோர்க்கு ஒரு சொல். திறந்ததும் காடி நெடி அடித்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. ரப்பர்ப் பால் உறையூற்றும் கொட்டகையில் நின்றவர்களுக்கு அமில நெடியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செம்பைத் தின்னும். நடுநிலை வகை என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். என் பச்சைத் தடங்களில் பாதிப் பழி இந்தப் பசைக்கும் உண்டு.

மூச்சுத்துளை

எவ்வளவு இறுக்கினாலும் பெட்டி மூச்சுவிடத்தான் செய்யும். நாமே ஒரு மூக்கு வைத்துக் கொடுத்துவிட்டால் அது வேறு இடத்தில் உறிஞ்சாது. காற்றை விட்டு நீரைத் தடுக்கும் பிடிஎஃப்இ சவ்வு பொருத்திய திருகுகள் எம்12 அளவில் கிடைக்கின்றன. பெட்டியின் அடிப்பக்கம் ஒன்றைப் பொருத்தினால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகிவிடும். பிறகு கேஸ்கட்டின் மீது இழுவையே இராது.

மலையோரத்தில், பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம், சவ்வுக்குப் பதில் அடியில் 3 மி.மீ. துளையிட்டு நுண்ணிய எஃகு வலை ஒட்டினாலும் போதும். வலை இல்லையென்றால் ஒரே வாரத்தில் குளவி மண் வைத்து அடைத்துவிடும், அல்லது எறும்பு குடியேறும். கடலோரத்தில் திறந்த துளை கூடாது. உப்புத் துகள் காற்றோடு உள்ளே போகும், அங்கே கட்டாயம் சவ்வுதான்.

சவ்வு நீராவியைத் தடுக்காது என்பதால் சிலிக்கா ஜெல் துணைக்கு இருக்கட்டும். ஒரு லிட்டர் பெட்டிக்கு 10 கிராம். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகை நல்லது. நீல வகையில் உள்ள கோபால்ட் குளோரைடு நச்சு.

பலகைக்கு ஒரு சட்டை

சமையல் உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். கடலோர இரவுகளில் பெரும்பாலும் ஈரப்பதம் அதற்கு மேல்தான். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த பலகை இரவெல்லாம் நனைந்தே கிடக்கிறது. மின்னழுத்த வேறுபாடு உள்ள இரண்டு தடங்களுக்கு நடுவே உப்புநீர் நின்றால் உலோகம் கரைந்து எதிர்ப்பக்கம் நோக்கி மெல்லிய வேர்போல் வளரும். அந்த வேர் தொட்டதும் கருவி செத்துவிடும்.

பலகையை 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். யுஎஸ்பி வாய், பொத்தான்கள், மின்கலத் தொடுமுனைகள், ஈரப்பத உணரியின் துளை எல்லாவற்றையும் டேப்பால் மறையுங்கள். பிறகு அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சை ஒருமுறை குறுக்கே, காய்ந்தபின் ஒருமுறை நெடுக்கே, மெல்லியதாக அடியுங்கள். பெரும்பாலான பூச்சுகள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். இருட்டில் பார்த்தால் விட்டுப்போன இடம் கறுப்பாகத் தெரியும். இதைப் பெருமழை நாளில் செய்யாதீர்கள், ஈரம் பூச்சுக்கு அடியில் சிறைப்பட்டுவிடும்.

லித்தியம் மின்கலம் உள்ளே இருந்தால் 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றம் நடக்காதபடி கட்டுப்படுத்தி வையுங்கள்.

வாளிச் சோதனை

பலகையை வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். நாளிதழ் ஓரத்துண்டில் இங்க் பேனாவால் ஒரு கோடு கிழித்துப் பெட்டிக்குள் போட்டு, மூச்சுத் திருகின் இடத்தை துளையில்லாத ஒரு திருகால் அடைத்து, கிளாண்டில் கம்பித்துண்டு செருகி முடுக்குங்கள். கம்பியின் வெளிமுனை தண்ணீருக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் என் திருடன் பிடிபடமாட்டான். பெட்டியை ஒரு மணி நேரம் உச்சி வெயிலில் வைத்து, சூடு ஆறும் முன் கிணற்றுத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி மேலே செங்கல் வையுங்கள். அரைமணி கழித்து எடுத்து, வெளிப்பக்கத்தைத் துடைத்தபின் திறந்து பாருங்கள். கோடு கலையாமல் இருந்தால் தேறிவிட்டது. நிஜ மழையைவிட இது கடுமையானது, அதனால்தான் நம்புகிறேன்.

மாட்டும் இடம்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றால்தான். ஆகவே மூடி மேற்குப் பார்க்க வேண்டாம். நம் ஓட்டு வீடுகளின் இறவாணம் சுவரைத் தாண்டி நீள்வதுபோல், பெட்டிக்கு மேல் எல்லாப் பக்கமும் 3 செ.மீ. நீளும் ஒரு தொப்பியைத் தனியாக அச்சிட்டு, நடுவே விரலளவு இடைவெளி விட்டு மாட்டுங்கள். மழையையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். சுவரோடு ஒட்ட வைக்காமல் பின்னாலும் விரலளவு காற்றோட்டம் விடுங்கள். மரத்தில் அறைவதைத் தவிர்க்கலாம். 2017 ஒக்கிப் புயலில் ரப்பர் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் கான்கிரீட் கம்பத்தைத்தான் தேடுவார்கள்.

ஆண்டுக்கு இரண்டுமுறை, வைகாசியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று, மழை தொடங்கும் முன் திறந்து பார்க்கிறேன். பச்சையாகிவிட்ட சிலிக்கா ஜெல்லை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்து எடுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். கேஸ்கட் கயிற்றைத் துடைத்து ஒரு பொட்டுச் சிலிக்கோன் கிரீஸ் தடவுவேன். விளையில் இப்போது நிற்கும் பெட்டி இரண்டு ஆனிச் சாரலையும் இரண்டு ஐப்பசி மழையையும் கடந்துவிட்டது. போன வாரம் திறந்தபோது உள்ளே ஒரு பல்லி முட்டை ஓடு மட்டும் இருந்தது. புரட்டாசியில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு நான் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் நடந்த வேலை அது.